குறிஞ்சியும் வரையாடும்

குறிஞ்சி ஒரு பூச்செடி, வரையாடு ஒரு காட்டு விலங்கு, இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் இருப்பவை, மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் இரண்டையும் ஒரே சரிவில் பார்க்கலாம். ஆனால் பெயர் வந்த வழி நேர் எதிர். குறிஞ்சி தன் பெயரை நிலத்துக்குக் கொடுத்தது, மலையும் மலை சார்ந்த இடமும் அந்தப் பூவின் பெயரால்தான் குறிஞ்சித் திணை ஆயிற்று. வரையாடோ நிலத்திடமிருந்து பெயரை வாங்கிக்கொண்டது. வரை என்றால் மலை.

குறிஞ்சியில் குழப்பம் குறைவு. குறுந்தொகையின் 3ஆம் பாட்டில் வரும் 'கருங்கோல் குறிஞ்சி', அதாவது கரிய தண்டுடைய குறிஞ்சி, இன்றும் அதே பெயர்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி (மூணாறு பக்கம் 2006, 2018), குறிஞ்சி வகை எல்லாமே அப்படிப் பூப்பதில்லை.

வரையாட்டுக்குத்தான் விளக்கம் தேவை, ஏனென்றால் செய்திகளில் 'நீலகிரி தார்' என்று எழுதுகிறார்கள். தார் என்பது இமயமலைப் பக்கத்துச் சொல், அங்குள்ள வேறொரு விலங்கின் பெயர். இரண்டும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே தொகுதி, என்று நினைத்துதான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இதற்கும் வைத்தார்கள், ஆனால் 2005இல் மரபணுவைப் பார்த்தபோது நம் விலங்கு இமயத்துத் தாரைவிடச் செம்மறிக்கு நெருக்கம் என்று தெரிந்து தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். அப்புறமும் நாம் ஏன் தார் என்று எழுத வேண்டும்? தமிழில் ஆடு என்றால் வெள்ளாடும் அதில் அடங்கும் செம்மறியும் அடங்கும், அதனால் வரையாடு என்ற பெயர் எந்த ஆராய்ச்சி வந்தாலும் தப்பாகாது.

சரி, இதைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு: வருடை. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்து மூட்டைக் குவியல்கள் மேல் ஆண் நாயும் ஆட்டுக்கிடாயும் ஏறிக் குதிப்பதை 'வரையாடு வருடைத் தோற்றம் போல' என்கிறார் புலவர். இங்கே 'ஆடு' விலங்கு இல்லை, வினை. மலையில் ஏறித் துள்ளித் திரிகிற வருடை என்று பொருள். குறுந்தொகை 26இல் குரங்குக் குட்டியையும் 'வரையாடு வன்பறழ்' என்றே சொல்லியிருக்கிறார்கள், அங்கேயும் வினைதான். ஆக, பழம்பாட்டில் வரையாடு என்று கண்டவுடனே இந்த விலங்கு என்று முடிவுகட்டிவிடக் கூடாது, அடுத்த சொல்லையும் பார்க்க வேண்டும். இன்று எழுதும்போது வரையாடு என்றே எழுதலாம், வருடை என்றாலும் சரியே.