பரணில் ஏறிய சைலன்சர்

என் பட்டறையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில், குறுக்காக அறுத்த பழைய சைலன்சர் ஒன்று கிடக்கிறது. வெளியே துரு, உள்ளே தேன்கூடு. அப்பாவோடு வரும் சிறுவர்கள் அதைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கணக்கான துளைகள் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுவது இந்தக் கூடுதான். நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாக்கி அனுப்புவதும் இதுவே. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று பெயர். பட்டறைப் பேச்சில் கேட்கான்.

நம் நாட்டில் 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியதற்கு, ஈயம் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதும் ஒரு காரணம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பெட்ரோலில் கந்தகத்தின் அளவு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. கேட்கான் ஒழுங்காக வேலை செய்ய அதுவும் தேவைப்பட்டது. இவ்வளவு பாடுபட்டு வண்டிக்குள் வைத்த பொருளை நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தார். 2021-இல் வாங்கிய 150 சிசி பைக். "அண்ணே, மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. மைலேஜும் விழுந்துவிட்டது." நான் குனிந்து பார்ப்பதற்கு முன்பே காதுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குட்டையான குழாய் ஒன்றை மாட்டியிருந்தார்.

"பழைய சைலன்சர் எங்கே தம்பி?"

"வீட்டில் பரணில் கிடக்கிறது அண்ணே."

மாட்டிக் கொடுத்தவர் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைச் சரியாக வைக்கவில்லை. ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்திலேயே கசிவு. அந்த வழியாக வெளிக்காற்று புகுந்ததும், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தப்புக் கணக்குச் சொல்கிறது. அதை நம்பி இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, இன்னும் கொஞ்சம் பெட்ரோலைத் தெளிக்கிறது. 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கு குலைந்துபோகிறது. சத்தத்துக்குக் காசு கொடுத்தவர், வீணாகும் பெட்ரோலுக்கும் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டார் வாகனச் சட்டப்படி இப்படி மாற்றுவதே தவறு என்பது தனிக் கதை.

"ஆனால் புகையே வரவில்லையே அண்ணே" என்றார்.

இருபது வருடங்களுக்கு மேலாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. கண்ணுக்குத் தெரிவதுதான் புகை என்று நினைக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மழைநாளில் அதை மறந்துவிட்டு, மண்டை பிளக்கும் தலைவலியோடு வீட்டுக்குப் போனவன் நான். எரியாத பெட்ரோல் ஆவிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வெயில் துணை சேர்ந்தால், தரையை ஒட்டி ஓசோன் உருவாகிறது. மேலே இருந்தால் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்?

கண்ணுக்குத் தெரியும் புகையும் உண்டு. அது வண்டி தன் வாயால் சொல்லும் புகார். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது: பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும்.

காய்கறி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் டூ ஸ்ட்ரோக் மொபெட் வைத்திருக்கிறார். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றும் பழைய வண்டி. எஞ்சின் தேயக் கூடாது என்று கையேட்டில் சொன்னதைப் போல இரு மடங்கு ஆயிலை, அதுவும் கண்ணளவில், ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் தெருவுக்குள் நுழைந்தால் பின்னால் வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கோடு போட்ட அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்தேன். நீலப் புகை பெருமளவு அடங்கியது. முழுவதும் போகாது, அந்த எஞ்சினின் பிறவிக் குணம் அப்படி. அந்தக் காலத்தில் கரி அடைத்த சைலன்சர்களைப் பட்டறைக்குப் பின்னால் தீ மூட்டி எரித்துச் சுத்தம் செய்தவன் நான். எனவே பெரியவரிடம் சத்தமாகப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

இனி புகைச் சான்று. புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் தேவையில்லை. அதன்பின் பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கும் பழையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் பைக்கின் சைலன்சருக்குள் கம்பியைச் செருகி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் (எரியாத பெட்ரோல் ஆவி) மட்டும்தான் அளக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடு கணக்கில் வராது, நுண்துகளும் வராது. 2000-க்குப் பிறகு வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை அனுமதி. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கோ 0.3 சதவீதம்தான். இவ்வளவு தாராளமான வரம்பிலும் ஒரு பைக் தேறவில்லை என்றால் அதன் நிலைமையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இதிலும், "வண்டி ஊரில் நிற்கிறது, நம்பர் பிளேட் படத்தை அனுப்புகிறேன், சான்று மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்று போனில் கேட்பவர்கள் உண்டு. கொண்டு வாருங்கள் என்றால் அதன்பின் அழைக்க மாட்டார்கள்.

பட்டறையால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு நன்றாக டியூன் செய்தாலும், கேட்கான் புத்தம் புதிதாக இருந்தாலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து 2.3 கிலோவா என்று பலர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பெட்ரோலில் இருப்பது கார்பன்; அதோடு சேரும் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது, எடையும் அங்கிருந்துதான் கூடுகிறது. பூமியைச் சூடாக்கும் இந்த வாயுவுக்கு எந்த ஃபில்டரும் வண்டியில் கிடையாது. எரிக்கும் பெட்ரோலைக் குறைத்தால்தான் அது குறையும். தினமும் 20 கி.மீ. வீதம் வருடத்தில் 300 நாள் ஓட்டுபவருக்கு, டயரில் காற்று இல்லாமலும் பிரேக் உரசிக்கொண்டும் லிட்டருக்கு 40 கி.மீ. கிடைக்கிறது என்று வையுங்கள். சரிசெய்து 50 ஆக்கினால் வருடத்துக்கு 30 லிட்டர் மிச்சம், கிட்டத்தட்ட 70 கிலோ வாயு குறைவு. மைலேஜ், மைலேஜ் என்று என்னைக் குடைபவர்கள் தங்களை அறியாமலே சுற்றுச்சூழலுக்காகத்தான் குடைகிறார்கள்.

இன்னொன்று, தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க பைக் எடுப்பது. கேட்கான் சுமார் 250, 300 டிகிரி வரை சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். கடைக்குப் போய்த் திரும்பும் அந்த இரண்டு நிமிடமும் கேட்கான் இல்லாத வண்டியைத்தான் ஓட்டுகிறீர்கள். பரணில் சைலன்சரைப் போட்ட தம்பிக்கும் உங்களுக்கும் அந்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தத் தம்பி பத்து நாள் கழித்துச் சாக்குப்பையோடு வந்தார். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மண்ணைக் குடைந்து எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினேன். ஸ்கேனரைச் செருகிப் பிழைக்குறியை அழித்ததும் விளக்கு அணைந்தது. ஸ்டார்ட் செய்து, ஸ்லோ ஸ்பீடில் விட்டேன். தம்பி சைலன்சர் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"எஞ்சின் ஓடுகிறதா அண்ணே?"