கவர்மெண்ட் மாத்திரையில் பவர் இல்லை என்று யார் சொன்னது?

போன வாரம் கால் விரலில் புண்ணோடு ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) அட்டைகள் பிரிக்காமல் அப்படியே பையில் இருந்தன. "ஓசி மாத்திரைல பவர் இருக்காதுன்னாங்க டாக்டர்" என்கிறார். இன்னும் எத்தனை பேரிடம்தான் இதைக் கேட்பது?

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால்தான் விலை குறைகிறது, மருந்து குறைவதால் அல்ல. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் எங்கள் கைக்கே வரும். கடையில் வாங்கினாலும் 500 மில்லிகிராம்தான், இங்கே வாங்கினாலும் அதே 500தான். அட்டை பளபளப்பாக இல்லை என்பதற்காக மருந்து வேலை செய்யாமல் போகாது. ஓசியும் இல்லை, உங்கள் வரிப்பணம். போட்டும் சர்க்கரை குறையவில்லையா? வந்து சொல்லுங்கள், அளவை மாற்றலாம். தேவைப்பட்டால் இன்சுலினும் இங்கேயே கிடைக்கும்.

2021 இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மோசமான நிலையில் வந்தவர்களில் கட்டுப்படாத சர்க்கரையோடு வந்தவர்கள் நிறைய. பின்னாடியே கறுப்புப் பூஞ்சையும் வந்தது. அடுத்த தொற்றுக்கு வெண்டிலேட்டர் எத்தனை இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் வெண்டிலேட்டர் வரை போகாமல் ஆட்களைக் காப்பாற்றுவது ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத்தான் தெரியும். அவர் பணியிடம் காலியாகக் கிடந்தால் கேட்க நாதியில்லை.

தயவுசெய்து காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் 'செட் மாத்திரை' வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை எகிறும். அப்புறம், உங்கள் காய்ச்சல் எங்கள் கணக்கிலும் வராது. 2018-ல் கேரளத்தில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் வந்ததைக் கவனித்த மருத்துவர்கள் உடனே மாதிரி அனுப்பியதால்தான் நிபா வைரஸ் சீக்கிரம் பிடிபட்டது. ஒரே தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் உடனே சொல்லுங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் பிபி, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீருவதற்கு முன்பே வாருங்கள். உங்கள் ஊரில் செவிலியர் பணியிடம் காலி என்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாகப் போட வையுங்கள்.