அறிகுறி இல்லாதவருக்குக் கொலனோஸ்கோப்பி வேண்டுமா?

அண்மையில் 78 வயதுப் பெரியவர் ஒருவர், நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வற்புறுத்தியதால், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வந்திருந்தார். வயிற்றில் தொந்தரவு இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, குடும்பத்தில் எவருக்கும் குடல் புற்றுநோய் இருந்ததில்லை. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டுவந்தார். "அங்கெல்லாம் 45 வயதிலேயே செய்துவிடுகிறார்களாமே, டாக்டர்" என்றார்.

மகன் சொன்னது உண்மைதான். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இல் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. அதே பரிந்துரை, 76 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு உடல்நிலையையும் முன்பு செய்த பரிசோதனைகளையும் பார்த்து ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவெடுக்கச் சொல்கிறது. அந்தப் பகுதி கடல் கடந்து வரவில்லை.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் புற்றாக மாறுவதற்குப் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகிறது. அதற்குள் கண்டு அகற்றிவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம் என்பது இப்பரிசோதனையின் பெருஞ்சிறப்பு. பெரியவரைப் பொறுத்தவரை அதுவே எதிர்வாதமாகவும் ஆகிறது: இன்று எடுக்கும் பாலிப்பின் பலன் அவருடைய 88ஆம் வயதில்தான் தெரியவரும், பாலிப்பை எடுக்கும்போது இரத்தம் கொட்டாமலிருக்க மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இந்த வாரமே தெரிந்துவிடும்.

பலனின் அளவு எவ்வளவு என்பதற்கு 2022இல் வெளிவந்த நார்டிக் ஆய்வு நல்ல விடை தருகிறது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையுள்ள 84,585 பேரில் ஒரு பகுதியினரை மட்டும் கொலனோஸ்கோப்பிக்கு அழைத்து, பத்தாண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 10,000 பேருக்கு, அழைக்கப்படாதவர்களில் 120 பேருக்கும் அழைக்கப்பட்டவர்களில் 98 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. இறப்பு 31, 28 என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரே செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் செய்துகொண்டிருந்தால் இறப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பாதி என்றால் 10,000 பேருக்கு 30 என்பது 15 ஆவது. இரண்டும் ஒரே கணக்குதான், காதில் விழும் விதம் வேறு.

இந்தியாவில் இந்நோய் ஐரோப்பாவைவிடப் பல மடங்கு குறைவாகவே காணப்படுகிறது. எனவே 10,000 பேரைப் பரிசோதித்தால் இங்கே தப்பிப்பவர் எண்ணிக்கையும் சுருங்கும். குடலில் ஓட்டை விழுவதோ (10,000 பேரில் சுமார் 3 பேர்), பெரிய இரத்தப்போக்கு ஏற்படுவதோ (சுமார் 15 பேர்) அதற்காகச் சுருங்குவதில்லை. முந்தைய நாள் பேதி மருந்தும் பட்டினியும் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் முதியவரை மயங்கி விழச் செய்யக்கூடும். நான் பார்த்த சிக்கல்களில் பல, குழாய் உள்ளே போவதற்கு முன்பே நிகழ்ந்தவை. தயங்குபவர்களுக்கு மல இரத்தப் பரிசோதனை ஒரு நல்ல முதற்படி. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை அதற்கான பொருள்கள் வீட்டுக்கே தபாலில் வருகின்றன. ஆனால் அதில் இரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோப்பிக்குப் போகும் உறுதி வேண்டும். இல்லையேல் அதைச் செய்வதில் பொருளில்லை. மாஸ்டர் செக்கப் பட்டியலில் சேர்க்கப்படும் சிஇஏ (புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை இதற்கு மாற்றாகாது. தொடக்கநிலைப் புற்றில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், புகைபிடிப்பவருக்கோ புற்றில்லாமலே கூடியிருக்கலாம்.

பெரியவரைச் செய்யாமலே அனுப்பிவைத்தேன். மகனிடம் தொலைபேசியில் விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மேலே சொன்ன எதுவும் இரத்தம் போகிறவருக்குப் பொருந்தாது. 38 வயது இளைஞர் ஒருவர் மலத்தில் வந்த இரத்தத்தை மூலச்சூடு என்றெண்ணி, எட்டு மாதம் மோரும் சூரணமுமாகக் கழித்துவிட்டு வந்தார். விரல் விட்டுப் பார்த்தபோதே மலக்குடலில் கட்டி தட்டுப்பட்டது. கூட வந்திருந்த தம்பிக்கு 33 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளம் வயதில் இந்நோய் வந்திருந்தால், அவர்களுக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பாகவே தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில் அவர் ஏற்கெனவே ஐந்தாண்டு தாமதம். அவருக்கு அன்றே தேதி குறித்தோம்.