பேக்லிங்க்: பின்னிணைப்பு அல்ல, வருசுட்டி

குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி ஒருவர் பயணக் கட்டுரை எழுதுகிறார். அதில் ‘மாணிக்கமாலை கட்டும் முறை’ என்ற சொற்களைத் தொட்டால், தோவாளையில் மாலை கட்டுபவர் ஒருவருடைய இணையதளம் திறக்கிறது. கட்டுரையாளருக்கு அது வெளியே போகும் லிங்க். மாலைக்காரருக்கு அதே லிங்க் வெளியிலிருந்து தன்னிடம் வருவது. இந்த இரண்டாவது பார்வைக்குத்தான் பேக்லிங்க் என்று பெயர். பொருள் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. புதுத்தளம் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த நிற்கும் இடத்தை மறப்பதால் வருபவை.

‘லிங்க்’ வடக்கு ஐரோப்பிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல். மூலப்பொருள், சங்கிலியின் ஒரு வளையம். தமிழில் நேர்ச்சொல் ‘கண்ணி’. சங்கிலிக் கண்ணி என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி மற்றதைப் பிடித்தால், மற்றதும் அதைப் பிடித்திருக்கும். இணையத்தின் லிங்க் அப்படியல்ல. ஒரு சொல்லைத் தொட்டு வேறொரு பக்கத்துக்குத் தாவ விடும் எழுத்துக்கு 1960களில் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சன் இருபுறமும் தெரியும் இணைப்புகளைத்தான் விரும்பினார். 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த வலையோ ஒருவழி இணைப்பைத் தேர்ந்தது. எவரும் எவரையும் கேட்காமல் சுட்டலாம். வலை இவ்வளவு விரைந்து பரவ அதுவும் ஒரு காரணம். ஆனால் சுட்டப்பட்ட பக்கத்துக்குத் தன்னைச் சுட்டியவர் யார் என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் வலை முழுவதையும் வாசித்து, எல்லா இணைப்புகளையும் தலைகீழாகத் திருப்பி அடுக்க வேண்டும். ‘பேக்’ என்பது இந்தத் திருப்பிப் பார்க்கும் திசை. முதுகையோ, பின்பக்கத்தையோ அது குறிக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1996-இல் செய்தது அந்த வேலையைத்தான். அவர்கள் தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே ‘பேக்ரப்’. 1998-இல் அது கூகுள் நிறுவனமானது. எண்ணம் நூலகத்திலிருந்து வந்தது: ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று திருப்பித் தேடும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே அச்சில் கொண்டுவந்திருந்தார். அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரைக்கு மதிப்பு அதிகம். மதிப்பு மிக்க கட்டுரையே மேற்கோள் காட்டினால் இன்னும் அதிகம்.

இந்த எண்ணத்தை வலைப்பக்கங்களுக்குப் பொருத்தி அவர்கள் அமைத்த கணக்கின் பெயர் பேஜ்ரேங்க். அதன் சாரத்தைக் குமரி மாவட்டத்துக்காரருக்குச் சொல்வது எளிது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் இறங்கி, கிளைக்காலாகப் பிரிந்து, மடை மடையாகப் பாய்வதைப் போல ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலுள்ள சுட்டிகள் வழியே பங்கிடப்படுகிறது. மூலக் கணக்கில் 0.85 என்ற பெருக்கெண் வருகிறது. மதிப்பு 1 உள்ள பக்கத்தில் 5 சுட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.17 போகும். அதே பக்கத்தில் 100 சுட்டிகள் இருந்தால் 0.0085 மட்டுமே. ஆயிரம் தளங்களின் பெயர்களை வெறுமனே அடுக்கியிருக்கும் பட்டியல் பக்கத்தில் இடம்பிடிப்பதால் ஏன் பயனில்லை என்பதற்கு இந்த வகுத்தல் கணக்கே விடை. கூகுள் இன்று வேறு பலவற்றையும் பார்க்கிறது; சுட்டிகளின் கணக்கும் அவற்றோடு தொடர்கிறது.

இனி தமிழ்ச் சொல். ‘பின்னிணைப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். அது நூலின் இறுதியில் சேர்க்கும் கூடுதல் பகுதிக்கு நெடுங்காலமாக வழங்கும் சொல். ‘இந்தப் பக்கத்துக்கு நாற்பது பின்னிணைப்புகள் உள்ளன’ என்றால் தமிழ் வாசகர் அட்டவணைகளையும் வரைபடங்களையும் தேடுவார். ‘தொடுப்பு’ நல்ல சொல்தான். பூத் தொடுக்கும் ஊரில் பிறந்தது போலவே இருக்கிறது. ஆனால் தென்மாவட்டப் பேச்சில் அதற்குத் தகாத உறவு என்ற பொருளும் உண்டு. வணிகத் தளத்தில் அதை எழுதக் கூச்சப்படுபவர்களைக் குறைசொல்ல முடியாது. ‘கண்ணி’க்கு வலை, பொறி என்ற பொருளும் இருப்பதால், ‘எங்கள் கண்ணியைத் தொடுங்கள்’ என்றால் மோசடிச் செய்தி போல ஒலிக்கும்.

எஞ்சுவது ‘சுட்டி’. தமிழ் இணையத்தில் எழுதுபவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் சொல். மவுசுக்கும் அகராதிகள் இதைத் தருகின்றன. நடைமுறையில் எல்லாரும் மவுஸ் என்றே சொல்வதால் குழப்பமில்லை. வடசேரிக் கோயில் நகையில் நெற்றிச்சுட்டி உண்டு, அது வேறு. நமக்கு வேண்டியது இலக்கணத்தின் சுட்டு. ‘இது’, ‘அது’ என்பவற்றின் பொருள் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து பிறக்கிறது. லிங்க்கின் குணமும் அதேதான்.

அதனால் வெளியிலிருந்து வருவது வருசுட்டி, வெளியே செல்வது செல்சுட்டி, தளத்துக்குள்ளேயே இருப்பது உட்சுட்டி. வருசுட்டி வினைத்தொகை, திருக்குறள் 737-ஆம் பாடலில் உள்ள ‘வருபுனல்’ போன்ற ஆக்கம். நடுவில் ஒற்று மிகாது; ‘வருச்சுட்டி’ பிழை. இன்னொரு எச்சரிக்கை: ‘சுட்டு’ என்ற வினையின் பெயரெச்சம் ‘சுட்டிய’. ‘என்னைச் சுட்ட தளம்’ என்று எழுதினால் எரித்த தளம், அல்லது பேச்சுவழக்கில் திருடிய தளம் என்றாகிவிடும்.

‘லிங்க் பில்டிங்’ என்பதைச் ‘சுட்டி கட்டுதல்’ என்று மாற்றுவது சொல்லளவில் சரி, பொருளளவில் தவறு. வருசுட்டி பிறர் தருவது. நம்மை நாமே சுட்டிக்கொள்வதைப் பிறர் சுட்டியதாகக் காட்டும் வேலையைத்தான் தேடுபொறிகள் மோசடி என்கின்றன. ‘சுட்டி ஈட்டல்’ என்பதே பொருந்தும்.

ஈட்டுவதற்கு முன், வரும் சுட்டி எங்கே போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டும். புதுத்தளங்களில் மிகுதியாக நடக்கும் சேதம் இங்கேதான். ஒரே முகப்புப் பக்கம் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என நான்கு முகவரிகளில் திறக்கும். ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் சுட்டினால் மதிப்பு சிதறலாம். ஒரு முகவரியைத் தேர்ந்து, மற்ற மூன்றையும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் அதற்கு அனுப்ப வேண்டும். அடுத்தது, தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ‘வாசிப்பு’ அமைப்பில் உள்ள, தேடுபொறிகளை வர வேண்டாம் என்று சொல்லும் கட்டம். தளம் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கூகுளில் ஒரு பக்கமும் வராது. எந்தப் பக்கங்களுக்கு வரலாம், வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தளம் முழுவதும் தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலுக்குப் போக வேண்டும். டொமைனின், அதாவது தளப்பெயரின், டிஎன்எஸ் பதிவேட்டில் ஒரு டெக்ஸ்ட் பதிவைச் சேர்த்து அங்கே உரிமையை நிறுவி, பக்க முகவரிகளின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுக்கலாம். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை, 50 எம்பி வரை அடங்கும். சிறிய கடையின் தளத்துக்கு ஒன்றே மிகுதி. உட்சுட்டிகள் உண்மையான ஹெச்ரெஃப் முகவரியுடன், அதாவது போய்ச் சேரும் பக்கத்தின் முகவரி நிரலிலேயே எழுதப்பட்டு, இருக்க வேண்டும். தொட்டால் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடும் பொத்தான்களைக் கூகுள் சுட்டியாகப் பின்தொடர்வதை நம்பியிருக்க முடியாது. வடிவமைப்பாளர் அழகாகச் செய்த மெனுவுக்குள் பொருள்களின் பக்கங்கள் சிக்கிக் கிடப்பது இதனால்தான்.

முகவரியைத் தமிழில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். இணைய முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். எழுத்து, துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘நாகர்கோவில்’ என்ற சொல்லில் 11 குறியீடுகள். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது மட்டுமே 99 எழுத்து நீளமாகலாம். நடுவில் அறுந்துபோன முகவரி ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் முடியும். மேலும் ‘கோ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுதான், சர்வருக்கு இரண்டு வேறு முகவரிகள். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது.

சுட்டியாக அமையும் சொற்களை ஆங்கர் டெக்ஸ்ட் என்பார்கள். தமிழில் சுட்டுரை எனலாம். பக்கம் எதைப் பற்றியது என்று அறியத் தேடுபொறி இதையும் படிக்கிறது. ‘மேலும் அறிய இங்கே சொடுக்கவும்’ என்பதில் ‘இங்கே’ இடத்தைச் சுட்டுகிறதே தவிர, பொருளைச் சொல்லவில்லை. ‘மயிலாடிக் கற்சிற்பம் செய்யும் முறை’ என்று சுட்டினால் வாசகருக்கும் தெரியும், பொறிக்கும் தெரியும். அதற்காக நாற்பது தளங்களும் ஒரே சுட்டுரையை எழுத்து மாறாமல் வைத்திருந்தால் அது கூலிக்குச் செய்த வேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்கள் ஒரே வாக்கியத்தில் வழி சொல்வதில்லை.

யார் சுட்டுவார்கள்? வேறெங்கும் கிடைக்காத விவரம் இருந்தால் சுட்டுவார்கள். மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ‘தூய தேன், சிறந்த விலை’ என்ற பக்கத்தை யாரும் சுட்டப்போவதில்லை, அது விளம்பரம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஆண்டின் முதல் மாதங்களில், பூவிலிருந்து அல்லாமல் இளந்தளிரின் காம்புச் சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் இனிப்பெடுக்கின்றன என்பதைப் படங்களோடு விளக்கி, எந்த வாரம் பெட்டியில் அடை நிரம்புகிறது, மழை வந்தால் என்னவாகிறது என்று எழுதியிருக்கும் பக்கத்தை வேளாண் மாணவரும் சுட்டுவார், சமையல் எழுதுபவரும் சுட்டுவார். மட்டிப்பழம், ஈத்தாமொழித் தேங்காய், கிராம்பு என்று மாவட்டத்தில் இப்படி எழுதப்படாமல் கிடப்பவை ஏராளம்.

உறவு வழியாக வருவனவும் உண்டு. பொருளை வாங்கி விற்கும் கடை, உறுப்பினராக உள்ள வணிகர் சங்கம், படித்த கல்லூரியின் பழைய மாணவர் பக்கம். இவர்களிடம் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. உறவு உண்மையாக இருப்பதே நிபந்தனை. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 04651, இன்னோரிடத்தில் 04652, ஓரிடத்தில் நாகர்கோவில், இன்னோரிடத்தில் நாகர்கோயில் என்று இருந்தால் ஒரே கடைதானா என்ற ஐயம் வாடிக்கையாளருக்கே வரும்.

விலைக்கு வாங்குவதைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். கட்டணம் வாங்கிய சுட்டியில் அதைத் தெரிவிக்கும் குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. 2005-இல், சுட்டிக்கு மதிப்புத் தர வேண்டாம் என்று தேடுபொறியிடம் சொல்லும் ‘நோஃபாலோ’ குறி வந்தது. 2019-இல் விளம்பரத்துக்கு ‘ஸ்பான்சர்ட்’, வாசகர்கள் எழுதுவதற்கு ‘யுஜிசி’ என்று இரண்டு சேர்ந்தன. குறியில்லாமல் மொத்தமாக வாங்கிய தளங்கள் கூகுள் தன் தேடல் கணக்கில் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த ‘பெங்குயின்’ மாற்றத்தில் தேடல் வரிசையில் சரிந்தன. இன்று அத்தகைய சுட்டிகள் பெரும்பாலும் கணக்கில் சேராமலே போகின்றன. பணம் போகும், பலன் வராது. மோசமானால், கூகுள் ஊழியரே பார்த்து எடுக்கும் நடவடிக்கையான ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பற்றிய அறிவிப்பு சர்ச் கன்சோலில் வரும். சுட்டிகளை நீக்கி, நீக்க முடியாதவற்றை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் ‘டிஸவோ’ கோப்பில் பட்டியலிட்டு மறுபரிசீலனை கேட்க வேண்டும். அறிவிப்பு வராதவர்கள் அந்தக் கோப்பைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. ‘டொமைன் அத்தாரிட்டி 50 உள்ள தளத்தில் போட்டுத் தருகிறோம்’ என்று விற்பார்கள். அது மாஸ் என்ற நிறுவனம் 1 முதல் 100 வரை தரும் மதிப்பீடு. கூகுளின் எண் அல்ல.

காலம் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு, நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை என்பதே நேர்மையான விடை. அந்தக் காலத்தில் வந்த சுட்டியை இழக்காமலிருப்பதும் ஈட்டலின் பாதி. மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா ஆகியவற்றுக்குத் தங்கும் விடுதிகளின் தளங்கள் ஆண்டுதோறும் புதுப் பக்கம் போட்டு, முகவரியில் ஆண்டையும் சேர்த்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் அழிக்கப்படும். அதற்கு வந்த வருசுட்டிகள் எல்லாம் 404-இல் போய் முட்டும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, தேதிகளையும் பேருந்து விவரங்களையும் மட்டும் ஒவ்வோராண்டும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே ஆண்டுவாரியாகப் போட்டுவிட்டவர்கள் பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் 301 திருப்பத்தால் நிலையான பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது நீக்காமல் வைத்திருக்க வேண்டும்.