கால் வந்துவிட்டது, கை ஏன் வரவில்லை?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வலை பின்னுகிறவர். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. இப்போது குச்சி ஊன்றிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார். கை மட்டும் மடங்கினது மடங்கினபடி இருக்கிறது. "எங்க தெருவுல எல்லாரும் புறா ரத்தம் தடவச் சொல்றாங்க சார். அப்படித் தடவின ஒருத்தருக்குக் கை வந்துச்சாம். நிஜமா? அப்பா மறுபடியும் ஊசி பிடிப்பாரா?"

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கை கால் விழுந்தாலும் சேதம் அங்கே இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துக் கசிகிறது. பெரும்பாலும் அடைப்புதான். மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடது மூளையில் அடைத்தால் வலது பக்கம் விழும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சரி, கால் முதலில் வருவது ஏன்? 1937இல் மான்ட்ரியல் நகரத்து அறுவை மருத்துவர் பென்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளரும், மூளையின் மேற்பரப்பில் எந்த இடத்தைத் தூண்டினால் உடலின் எந்தப் பகுதி அசைகிறது என்பதை விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்த வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் உரிய இடம் மூளையின் வெளிப்பக்கம் அகலமாகக் கிடக்கிறது. காலுக்கு உரிய இடமோ, இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் ரத்தம் தருபவை வெவ்வேறு குழாய்கள். அடிக்கடி அடைத்துக்கொள்வது வெளிப்பக்கத்துக்கு ரத்தம் தரும் குழாய். அதனால் அடி கைக்கு அதிகமாகவும் காலுக்குக் குறைவாகவும் விழுகிறது. அதோடு, கால் கொஞ்சம் விறைப்பாக வந்தால்கூட உடம்பைத் தாங்கிவிடும், குச்சியோடு நடந்துவிடலாம். விரல்களின் வேலை அப்படியில்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அசைய, மூளையின் மேற்பரப்பிலிருந்து நேராக இறங்கும் இழைகள் வேண்டும். அறுந்திருப்பது அவைதான்.

கை மடங்கியே இருப்பதற்கும் இதில் பதில் உண்டு. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குப் பரிணாமத்தில் மிகப் பழைய பாதை ஒன்று இறங்குகிறது. புதிய பாதை சேதமானதும் இந்தப் பழைய பாதை கைகொடுக்கிறது. ஆனால் அது மடக்கும் தசைகளுக்கு உதவுகிற அளவுக்கு விரிக்கும் தசைகளுக்கு உதவுவதில்லை. குரங்குகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பலருக்குப் பிடி முதலில் வந்துவிடுகிறது, பிடித்த தம்ளரை விட முடிவதில்லை.

இப்போது புறா. அடைப்பு வந்த இடத்தின் நடுவில் இருக்கும் நரம்பணுக்கள் செத்துவிடுகின்றன, அவை திரும்பி வரமாட்டா. சுற்றியுள்ளவை குற்றுயிராகக் கிடக்கும். நாள் ஆக ஆக வீக்கம் வடியும், தப்பிய அணுக்கள் தெளியும், அதிர்ச்சியில் அடங்கிப்போன தொலைவான பகுதிகளும் விழிக்கும். முதல் மூன்று மாதங்களில் உடல் தானாகவே வேகமாகத் தேறுகிறது. அந்த நாட்களில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குத்தான் போகும். புறா ரத்தம் தோலைத் தாண்டி மூளைக்குப் போக வழியே இல்லை. பறவை ரத்தத்தால் கிருமி தொற்றலாம் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய இழப்பு காலம். மூளை மாறுவதற்கு மிகவும் தயாராக இருக்கும் வாரங்களைப் புறா தேடுவதில் கழித்துவிடுகிறோம். மாடிக்கு மாடி கூண்டு கட்டிப் பந்தயப் புறாக்களைப் பிள்ளைபோல வளர்க்கிற வடசென்னையில், இதற்காக அந்தப் பறவையின் கழுத்தை அறுப்பது எனக்கு இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

தயாராக இருக்கிறது என்பதற்காக முதல் நாளே இழுத்துப் போட்டுப் பயிற்சி செய்யவும் கூடாது. 2015இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில், முதல் 24 மணி நேரத்துக்குள் கடுமையாக எழுப்பி நடக்க வைத்தவர்களின் நிலை, வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. தொடங்கும் நேரத்தை மருத்துவர் சொல்லட்டும்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். 1996இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, அணில் குரங்குகளின் மூளையில் கைக்குரிய இடத்தை மிக நுண்ணிய மின்முனைகளால் வரைந்துகொண்டது. பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ரத்த ஓட்டத்தை நிறுத்தியது. அதே குழு ஏற்கனவே பார்த்த ஒன்று உண்டு. பயிற்சி தராமல் விட்டால், செத்த பகுதி மட்டும் போவதில்லை. அதைச் சுற்றி நன்றாக இருந்த கைப்பகுதியும் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகள் ஆடாத மைதானத்தை, நிறுத்திவைத்த வண்டிகள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்வது மாதிரி, அந்த இடத்தைத் தோளும் முழங்கையும் எடுத்துக்கொள்கின்றன. இந்த முறை குரங்குகளின் நல்ல கையைச் சட்டையால் மூடி, விழுந்த கையால் மட்டும் சிறு குழிகளிலிருந்து தீனியை எடுக்க வைத்தார்கள். குழி சிறிதாகச் சிறிதாக விரல்களுக்கு வேலை நுட்பமானது. திரும்ப வரைந்து பார்த்தபோது கைப்பகுதி சுருங்காமல் இருந்தது. சில குரங்குகளில் அது முன்பு தோளும் முழங்கையும் இருந்த இடத்துக்குள்ளேயே பரவியிருந்தது.

எப்படி? இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்பில் என்எம்டிஏ ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. அதன் வாயை ஒரு மெக்னீசிய அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்னால் இருக்கும் அணு குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை அனுப்பினாலும் அது மட்டும் போதாது, வாய் திறக்காது. அதே கணத்தில் பெறுகிற அணுவும் மின்னூட்டம் மாறி விழித்திருக்க வேண்டும். அப்போதுதான் மெக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே பாயும். அந்தக் கால்சியம்தான் இணைப்பில் புதிய ஏற்பிகளைக் கொண்டுவந்து பதிக்கச் சொல்லும் கட்டளை. அடுத்த முறை அதே சைகை கொஞ்சம் எளிதாகக் கடக்கும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடந்ததா என்று சரிபார்க்கும் ஒரு கருவி, ஒரே ஒரு மூலக்கூறுக்குள்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பு தீராத விஷயம்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு சேதி இருக்கிறது. இன்னொருவர் கையைப் பிடித்து ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் இருக்க அவசியம். ஆனால் நோயாளி தானே முயலும்போதுதான், கையை அசைக்கச் சொல்லும் மூளை அணுக்கள் விழித்திருக்கின்றன. விரல் அரை அங்குலமே நகர்ந்தாலும், அந்த நகர்வு அவருடைய முயற்சியாக இருக்க வேண்டும்.

முயற்சி ஏன் நின்றுபோகிறது என்பதை எட்வர்ட் டௌப் என்ற ஆய்வாளர் கண்டார். கையின் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் பயன்படுத்தின. ஆக, அந்தக் கையால் முடியும், முயலாமல் இருக்கத்தான் அவை கற்றுக்கொண்டிருந்தன. முதல் வாரங்களில் முயன்றபோதெல்லாம் தோல்வி, நல்ல கையால் செய்தால் உடனே வெற்றி. பிறகு திறன் ஓரளவு திரும்பினாலும், முயலாத பழக்கம் நிலைத்துவிடுகிறது. அவருடைய ஆய்வகத்தில் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை 1981இல் அமெரிக்காவில் வழக்காகி, ஆய்வு விலங்குகளுக்கான சட்டம் அங்கே இறுகக் காரணமானது. அவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த அறிவு, கடைசித் தெரு வரை போய்ச் சேராமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதிலிருந்து ஒரு சிகிச்சை வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை போட்டுவிடுவார்கள். விழுந்த கைக்கு நாளுக்கு 6 மணி நேரம் வரை பயிற்சி, இரண்டு வாரங்களுக்கு. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. காசிமேட்டு அப்பாவுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: மணிக்கட்டு கொஞ்சமாவது மேலே எழ வேண்டும், விரல்கள் கொஞ்சமாவது விரிய வேண்டும். அசைவே இல்லாத கைக்கு இது பொருந்தாது. குச்சி பிடிக்கும் நல்ல கையைக் கட்டிவிட்டு நடக்க விட்டால் விழுந்துவிடுவார் என்பதால், பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இங்கே ஒரு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான ஆய்வொன்று, சிகிச்சை அமர்வுகளில் பக்கவாத நோயாளிகள் கையால் ஒரு வேலையை உண்மையில் எத்தனை முறை செய்கிறார்கள் என்று எண்ணியது. சராசரி 32. மூளை வரைபடத்தை மாற்றிய விலங்கு ஆய்வுகளிலோ நாளுக்குச் சில நூறு முறை. மிச்சம் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கதவுத் தாழ்ப்பாள், சட்டைப் பொத்தான், ஸ்விட்ச், குழாய், லுங்கியை மடித்துக் கட்டுவது எல்லாமே பயிற்சி. "நீ சும்மா இருப்பா, நான் செய்றேன்" என்று அன்போடு சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.

சாப்பாடு இதில் தனி. சோற்றைப் பிசைந்து, ஐந்து விரல்களாலும் கூட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது கை செய்யும் வேலைகளில் மிக நுட்பமான ஒன்று. வலது கை விழுந்தவருக்கு இடது கையால் சாப்பிடக் கூச்சம். அதனால் யாராவது ஊட்டிவிடுகிறார்கள், அல்லது இடது கையில் ஸ்பூன் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் தனியாக உட்காரவைத்து, வலது கையால் முதல் நாலு வாய் மட்டும் அவரே எடுக்கட்டும். சிந்தட்டும். இட்லியில் தொடங்கி உதிரிச் சோற்றுக்கு வரலாம். முழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கு மட்டும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். அன்றாடத் திறனை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் பார்த்தெல் அளவுகோல் 1965இல் வந்தது. அதில் சாப்பாட்டுப் பகுதி, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் பற்றிப் பேசுகிறது. பிசைந்து சாப்பிடுவதையும் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதையும் அளக்கிற ஒன்று நம் மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்க வேண்டும்.

அப்புறம் கேரம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது என்பது விரலை விரிக்கும் அசைவு. பழைய நரம்புப் பாதை உதவாமல் விடுகிற அதே அசைவு! 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். தெருவுக்குத் தெரு பலகை இருக்கிற ஊர் இது. முதலில் ஸ்ட்ரைக்கரை விரல் நுனியால் தள்ளினாலே போதும். பேரப்பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடினால், எண்ணாமலேயே பல டஜன் முயற்சிகள் சேர்ந்துவிடும். எதிரே ஆள் இருப்பதால் மனமும் அதில் நிற்கும்.

நடைக்கும் இதே கதைதான். டீக்கடை வரை போகிறவர் அடுத்து வாசற்படி, அதற்கடுத்துக் குடியிருப்பின் மாடிப்படி என்று ஏறட்டும், நல்ல கைப் பக்கம் கைப்பிடி இருந்தால். ஷேர் ஆட்டோ கடைசியாக வரட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நல்ல தொடக்கம், கேட்டுப் பெறுங்கள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் எப்போதோ ஒருமுறை வந்து போனால் நாளுக்குச் சில நூறு முறை எப்படிச் சேரும்? கை அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் பெயர்பெற்ற ஸ்டான்லி மருத்துவமனை இங்கேயே பக்கத்தில் இருக்கிறது. நம் வீடுகளில், நம் வேலைகளைக் கொண்டே எவ்வளவு மீட்கலாம் என்று அளந்து பார்க்க, இதைவிடப் பொருத்தமான இடம் எது? கேரம் பலகைக்கு யாரும் காப்புரிமை வாங்கி லாபம் பார்க்க முடியாது. அதனால் கம்பெனிகள் இந்த ஆய்வுக்குப் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும்.

வாசகியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அப்பா பழைய வேகத்தில் வலை பின்னுவார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. சேதம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அவருடைய கைக்கு நன்றாகத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்கலாம். முதலில் தடித்த கயிற்றைப் பிடித்து விடட்டும், பிறகு முடிச்சு, பிறகு பெரிய கண் வலை, ஊசிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். பிபி மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று சொல்லி ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். இரண்டாவது முறை அடைத்தால் இதுவரை மீட்டதும் போய்விடும்.