பழையதை இடிக்காமல் மொழி மாறுவது

2014-இல் ஹார்ட்பிளீட் என்றொரு ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் கோடிக்கணக்கானோரின் ரகசியங்களுக்குப் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில்தான் அது இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி சில எழுத்துகளை அனுப்பி, 'இதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு' என்று கேட்கும். சொன்ன நீளம் உண்மைதானா என்று மறுமுனை சரிபார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று புளுகினால், நினைவகத்தில் அக்கம்பக்கம் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டது. கடவுச்சொல்லும் அதில் வரலாம்.

அந்த மென்பொருள் சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. சி, எழுதுபவரை முழுதாக நம்பும் மொழி. காலி செய்த லாட்ஜ் அறையின் சாவி உங்களிடமே இருந்தால், அடுத்தவர் தங்கியிருக்கும்போதும் நீங்கள் உள்ளே நுழையலாம், சி தடுக்காது. தங்கள் மென்பொருள்களில் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகை நினைவகப் பிழைகளே என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

2015-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி, சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு தரவுக்கும் ஒரே உரிமையாளர்; அவர் போனதும் இடம் காலியாகும். மற்றவர்கள் இரவல் வாங்கலாம். படிக்க மட்டும் என்றால் எத்தனை பேரும் வாங்கலாம். மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் மட்டுமே, அந்த நேரத்தில் வேறு யாருக்கும் இடமில்லை. விதி மீறினால், நிரலை ஓடும் முன்பே கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித்தரும் கம்பைலர் அதை ஏற்காது. ஆகவே இந்தத் தணிக்கைக்காக, ஓடும் நேரத்தில் வேகம் குறைவதில்லை. புதிதாகக் கற்பவர்தான் கம்பைலரோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போவார்.

அப்படியானால் பழையதையெல்லாம் ரஸ்ட்டில் திருப்பி எழுதிவிடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்ட்ராய்டைப் பாருங்கள். கூகுள் 2021-இல் அதற்குள் ரஸ்ட்டை அனுமதித்தது. பழைய சி, சி பிளஸ் பிளஸ் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதிதாக எழுதுவதைத்தான் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2019-இல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதமாக இருந்த நினைவகப் பிழைகள் 2024-இல் 24 சதவீதமாக இறங்கின.

பழைய வீடு அப்படியே நிற்க, ஒழுகல் மட்டும் எப்படி நின்றது? பிழைகள் பெரும்பாலும் புதிய நிரலிலும் அண்மையில் கைவைத்த நிரலிலும்தான் குடியிருக்கின்றன. காலம் போகப்போக யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கணக்குப்படி, ஐந்து ஆண்டு பழைய நிரலில் ஓட்டைகளின் அடர்த்தி புதியதைவிட 3.4 முதல் 7.4 மடங்கு வரை குறைவு. அடிபட்டுப் பழுத்த நிரலைத் தூக்கியெறிந்து புதிதாக எழுதினால், ரஸ்ட்டாலும் பிடிக்க முடியாத தர்க்கப் பிழைகள் புதிதாக முளைக்கும்.

இரு மொழிகளும் ஒரே வீட்டில் குடியிருப்பதற்கும் செலவு உண்டு. ரஸ்ட் நிரல் சி நிரலை அழைக்கும் இடத்தில் கம்பைலரின் கண் எட்டாது. அங்கே 'அன்சேஃப்' என்று எழுதிப் பொறுப்பை மனிதரே ஏற்க வேண்டும். ஜாவா மொழியில் எழுதிய மென்பொருளில் சம்பளப் பட்டியல் போடும் நிறுவனத்துக்கு இந்தத் தலைவலியே வேண்டியதில்லை. அதன் நினைவகத்தை ஜாவா முன்பிருந்தே காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.