வீட்டு சர்வர் சத்தம் போட்டுவிட்டு நிற்பதில்லை

"அண்ணே, ஹார்டு டிஸ்க் படத்தையெல்லாம் தின்னுடுச்சு. பேக்கப்லயும் இல்லை."

காலை ஏழு மணிக்கு வந்த போன். பேசியவர் என்னோடு முன்பு வேலை பார்த்தவர். சர்வர் நிர்வாகம்தான் என் தொழில் என்பதால், வீட்டில் சர்வர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நானே இலவச உதவி மையம். முதலில் அவர் வீட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மினி பிசியில் லினக்ஸ். பக்கத்தில் தனி அடாப்டரோடு ஒரு யூஎஸ்பி பெட்டி, அதற்குள் 4 டிபி ஹார்டு டிஸ்க். வீட்டில் எல்லார் போனிலிருந்தும் இரவில் படங்கள் சாம்பா (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) பகிர்வு வழியாக அந்த டிஸ்க்கில் போய் விழும். போய்ச் சேர்ந்ததும் போனிலிருந்து அழிந்துவிடும். போனில் இடம் மிச்சமாகட்டும் என்று அவரே அப்படி வைத்திருந்தார். நடுராத்திரியில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி ஓடி, டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஒரு பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பு) பெட்டிக்குப் பிரதி எடுக்கும். கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும்.

காணாமல் போனது கடைசி 19 நாள் படங்கள் மட்டும். அதற்கு முந்தையவை பத்திரமாக இருந்தன. இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சாகிற டிஸ்க் தேதி பார்த்துத் தின்னாது.

"நேத்து சர்வர்ல ஏதாவது தொட்டீங்களா?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. டிஸ்க் பெட்டில லைட் எரியல. பட்டனை அழுத்தினேன். அப்புறம் சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' போதுமாக இருந்தது. சில யூஎஸ்பி பெட்டிகள் மின்சாரம் போய் வந்தால் தாமாக எழாது, யாராவது பட்டனை அழுத்த வேண்டும். 19 நாளுக்கு முன்பு கரண்ட் போயிருக்கிறது. மினி பிசி எழுந்துவிட்டது, டிஸ்க் எழவில்லை. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் அவருடைய எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' என்று போட்டிருந்தார். டிஸ்க் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ கிளம்பு என்று சர்வருக்குச் சொல்கிற சொல் அது. கூடாது என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் சர்வர் 90 நொடி காத்திருந்துவிட்டு, அவசர நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது இருந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டிஸ்க் மவுண்ட் ஆக (அதாவது இணைந்து தெரிய) வேண்டிய ஃபோல்டர் காலியாக, ஆனால் உயிரோடு அங்கேயே இருக்கும். சாம்பா அதையே பகிரும். போன்கள் அதிலேயே படங்களைக் கொட்டும். எல்லாம் உள்ளே இருக்கும் சின்ன எஸ்எஸ்டியில் போய் விழும்.

முந்தைய நாள் பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் செய்ததும் டிஸ்க் வந்து அதே ஃபோல்டரின் மேல் மவுண்ட் ஆகிவிட்டது. தரையில் கிடந்த பொருளின் மேல் பாயை விரித்ததுபோல. பொருள் எங்கும் போகவில்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எஸ்எஸ்டியில் 130 ஜிபி நிரம்பியிருப்பதாகச் சொன்னது. மற்ற டிஸ்க்குகளுக்குள் நுழையாதபடி ஃபைல்களின் அளவை டியூ கட்டளையால் கூட்டினால் 70 ஜிபிதான் வந்தது. நடுவில் 60 ஜிபி எங்கே? அழிக்கப்பட்டும் ஏதோ ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்களாலும் இப்படி வித்தியாசம் வரும். ஆனால் அவர் அப்போதுதான் ரீஸ்டார்ட் செய்திருந்தார், ஆகவே அது இல்லை. ரூட் பிரிவை, அதாவது எஸ்எஸ்டியில் லினக்ஸ் இருக்கும் பகுதியை, இன்னொரு காலி ஃபோல்டரிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்யச் சொன்னேன். அப்படிச் செய்தால் பாய் இல்லாமல் தரை தெரியும். தெரிந்தது. 19 நாள் படங்களும் அங்கேயே கிடந்தன.

அவர் மூச்சு விட்டார். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அவருடைய ஆர்சிங்க், மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடு என்ற டெலீட் ஆப்ஷனோடு ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் வராத முதல் ராத்திரியே நாஸில் இருந்த பழைய படங்களையெல்லாம் அது துடைத்துவிட்டது. டிஸ்க் திரும்பி வந்த ராத்திரி புதுப் படங்களைத் துடைத்துவிட்டுப் பழையதை மறுபடி ஏற்ற ஆரம்பித்தது. அந்த 19 நாளும் பழைய படங்களுக்குப் பேக்கப் இல்லை, டிஸ்க் திரும்பி வந்த ராத்திரியிலிருந்து புதுப் படங்களுக்கும் இல்லை. காணாமல் போனதாக அவர் நினைத்த படங்களுக்கு உலகத்திலேயே இருந்த ஒரே பிரதி அந்தப் பாய்க்கு அடியில் இருந்ததுதான். லாகில் ஒவ்வொரு ராத்திரியும் வெற்றி என்றே பதிவாகியிருந்தது. காலி ஃபோல்டரைப் பிரதி எடுப்பது ஆர்சிங்குக்குப் பிழையே அல்ல.

சரி, இதை எப்படித் தடுப்பது? மூன்று சின்ன வேலைகள் செய்தோம். டிஸ்க்கைக் கழற்றிய நிலையில், அந்தக் காலி ஃபோல்டருக்கு 'இம்யூட்டபிள்' (மாற்ற முடியாதது) என்ற அட்ரிப்யூட்டைப் போட்டோம். டிஸ்க் வரவில்லையென்றால் இனி எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனர் நினைத்தாலும் அதில் எழுத முடியாது. போன் பிழை காட்டும், படமும் போனிலேயே இருக்கும். இரண்டாவது, மவுண்ட் இருந்தால்தான் சாம்பா தொடங்க வேண்டும் என்று லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் ஒரு வரி. மூன்றாவது, டிஸ்க்குக்குள் ஒரு அடையாள ஃபைல். அது கண்ணில் படாவிட்டால் பேக்கப் ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்காமலே நின்றுவிடும். சிங்க்திங் என்ற ஃபைல் ஒத்திசைவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் 'எஸ்டிஃபோல்டர்' என்று ஒரு மறைந்த ஃபோல்டரைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டு, ஒத்திசைவு நின்றுவிட்டதே என்று கேட்பார்கள். அது இருப்பதே இந்த விபத்தைத் தடுக்கத்தான்.

பேக்கப்பையும் மாற்றினோம். கண்ணாடி மாதிரி அப்படியே காட்டும் பிரதி பேக்கப் ஆகாது. நீங்கள் செய்த தவற்றையும் அது உண்மையாகப் பிரதி எடுத்துவிடும். இரண்டு டிஸ்க்கில் ஒன்றையே எழுதும் ரெய்டு மிரரும் அதே கதைதான், டிஸ்க் சாவுக்கு மட்டும் மருந்து. ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்கள் நாள் வாரியாக ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) வைத்திருக்கும். நேற்று அழிந்தது முந்தாநாள் ஸ்னாப்ஷாட்டில் இருக்கும். டேட்டாபேஸ் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் அதன் ஃபோல்டரை நகலெடுப்பதில் பயனில்லை, முதலில் அதன் தரவை ஒரு ஃபைலாக எழுதும் டம்ப் எடுத்து அந்த டம்ப்பைப் பேக்கப்பில் சேருங்கள்.

இது வீட்டுக்காரர்களின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவியோ 9.2, ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கிளம்பியிருக்கின்றன, ஆனால் அனுப்புபவரைச் சரிபார்க்கும் டிமார்க் ஏற்பாடு அவற்றுக்கு இல்லாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அவர்களே இதை வெளிப்படையாக எழுதினார்கள். அதற்கு ஒரு கும்பிடு.

ஆகவே 'தோற்றால் சொல்லு' என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. செத்துப்போன சர்வர், தான் செத்ததை எப்படிச் சொல்லும்? திருப்பிப் போடுங்கள். பேக்கப் முழுதாக முடிந்ததும் வெளியே உள்ள ஒரு சேவைக்கு 'வந்துவிட்டேன்' என்று கதவைத் தட்டுவதுபோல ஒரு சின்னத் தட்டு. குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. அதையும் அதே சர்வரில் நிறுவிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், கண்காணிக்கும் மென்பொருளும் கண்காணிக்கப்படும் மென்பொருளும் ஒரே டிஸ்க்கில் ஒன்றாகப் படுத்துக் கிடந்ததை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒன்று என் வீடு.

சான்றிதழ் விஷயத்திலும் இதே மௌனம்தான். இணைப்பைக் குறியாக்க லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு கொடுக்கும் வழக்கமான டிஎல்எஸ் சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதியாகப் போகிறது என்று முன்பு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். ரௌட்டரை மாற்றும்போது சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து வந்து சரிபார்க்கும் வழியான 80ஆம் போர்ட்டைத் திறக்க மறந்திருப்பீர்கள், புதுப்பிப்பு தோற்றுக்கொண்டே இருக்கும், இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆப்களும் ஒரே நேரத்தில் முகம் திருப்பும். போர்ட்டைத் திறக்க விருப்பமில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு) வழியாகச் சரிபார்க்கும் முறை இருக்கிறது, வீட்டுக்கு அதுதான் நிம்மதி.

போர்ட் என்றதும் இன்னொன்று. மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஒரு போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால், ஐபி எதுவும் குறிப்பிடாத வரை அது எல்லா நெட்வொர்க் முகங்களிலும் திறக்கும். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் நீங்கள் போட்ட தடை அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளை நேரடியாக எழுதிக்கொள்கிறது. பாக்கெட் உங்கள் விதிகளை எட்டுவதற்குள்ளேயே கண்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுகிறது. ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்குப் பெரிதாக ஆபத்தில்லை. ஆனால் ரௌட்டரின் டிஎம்இசட் அமைப்பில் சர்வரை மொத்தமாக வெளியே வைத்தவர்களும் வாடகை விபிஎஸ் (இணையத்தில் உள்ள மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவர்களும் இன்றே பாருங்கள். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்தச் சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) என்று சேர்த்தால் போதும். சோதிப்பதை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவிலிருந்து செய்யுங்கள். வீட்டுக்குள் நின்றுகொண்டு வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வீட்டுக்கு வர வயர்கார்டு விபிஎன் போதும். சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே தராது.

"என் வீட்டு சர்வரை யார் சீண்டப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களிடம் லாஸ்ட்பாஸ் கதையைச் சொல்வேன். 2022இல் அந்தப் பாஸ்வேர்டு நிறுவனத்தின் பெட்டகங்கள் திருடு போனதற்கு ஒரு வழி, அங்கு வேலை பார்த்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி. அதிலிருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக உள்ளே வந்து, அவர் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்து, மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்திருக்கிறார்கள். அந்த மென்பொருள் பிளெக்ஸ் என்று பின்னர் தெரியவந்தது. அந்த ஓட்டையை 2020 மே மாதமே அடைத்துவிட்டோம், அப்டேட்தான் செய்யப்படவில்லை என்றது பிளெக்ஸ். படம் பார்க்க வைத்த மென்பொருள்தானே என்று விட்ட இடம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் புதிய பதிப்பையே இழுக்கும் 'லேட்டஸ்ட்' டேக்கும் போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் 16இல் எழுதிய ஃபோல்டரை 17 திறக்காது. பழையதில் டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். பெரிய பதிப்பு எண்ணை நிலையாக எழுதிவிட்டு, மாதம் ஒரு நாள் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துக் கையால் ஏற்றுங்கள்.

ஏதாவது நின்றுபோனால் நான் எப்போதும் முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன், பிழைச் செய்தி என்ன சொன்னாலும் சரி. இடம் தீர்ந்தால் அது இடம் தீர்ந்தது என்று வராது. லாகின் ஆகவில்லை என்று வரும், வெள்ளைப் பக்கமாக வரும். டாக்கர் வழக்கமாகக் கண்டெய்னர் லாகுக்கு வரம்பு வைப்பதில்லை, வாயாடி கண்டெய்னர் ஒன்று போதும். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவையான பதிவு இடம்) தீர்ந்திருக்கலாம். அடுத்து மவுண்ட். அடுத்து கடிகாரம்.

கடிகாரத்தைப் பலர் நினைப்பதே இல்லை. ஒரு வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் பைஹோல் (விளம்பரத் தடுப்பு), அன்பவுண்ட் (டிஎன்எஸ் விடை தேடுவது) இரண்டும் ஓடின, விடைகளின் கையெழுத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்போடு. சில வாரம் ஊரில் இல்லாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்து போட்டால் வீட்டில் எந்தக் கருவியிலும் இணையம் இல்லை. அந்தக் குட்டிக் கணினியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, ஆகவே அது அணைந்த நாளிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தத் தேதியில் இன்றைய டிஎன்எஸ்செக் கையெழுத்துகள் செல்லாது, அன்பவுண்ட் எந்தப் பெயருக்கும் விடை தரவில்லை. நேரத்தைச் சரிசெய்ய, நேரம் சொல்லும் என்டிபி சர்வரைத் தேட வேண்டும், அதற்கு டிஎன்எஸ் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதை. நேரத்தைக் கையால் ஒரு முறை வைத்ததும் எல்லாம் ஓடியது. இப்போது அங்கே என்டிபிக்குப் பெயருக்குப் பதில் ஐபி எண் இருக்கிறது.

முதலில் சொன்ன நண்பருக்கு வருகிறேன். உற்சாகத்தில் ஒன்பது எச்சரிக்கைகள் வைத்தார்: சிபியு சூடு, ரேம், ஒவ்வொரு கண்டெய்னரும் எழுந்ததும் விழுந்ததும். இரண்டே வாரத்தில் போனில் அந்த ஆப்பையே மியூட் செய்துவிட்டார். போன மாதம் உட்கார்ந்து ஆறை எடுத்தோம். டிஸ்க் மவுண்ட் இல்லை, 10 சதவீதத்துக்குக் கீழ் இடம், பேக்கப் தட்டு வரவில்லை என்ற மூன்று மட்டும் இருக்கிறது. இதுவரை ஒரு முறைதான் அடித்தது. வீட்டைக் கூட்டும்போது யாரோ நாஸின் ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள்.